இசைத்தட்டும் முன்விரியலாக்கியும்
ஊவா மலைநாட்டின் ஒலி வரலாற்றில் ஓர் இயல்

மக்களினத்தின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் தேடுதல் அறிஞர் மரபு. ஒலியில் தேடுதல் பிற்காலத்தே தோன்றிய வழக்கம். சொல் எழுதப்பட்டால் நிற்கும். குரலோ எழுந்த கணத்திலேயே காற்றோடு கலந்து மறையும். அவ்வாறு மறையும் குரலைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல் மனிதனுக்கு 1877ஆம் ஆண்டிலேதான் கைகூடியது. அவ்வாண்டில் அமெரிக்க அறிஞர் தாமஸ் அல்வா எடிசன் ஒலியைத் தகட்டிற் பதித்து மீளக் கேட்பிக்கும் பொறியை ஆக்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டிலிற் பதிக்கும் முறையைக் கண்டார். இன்று இசைத்தட்டு எனப்படுவது அவ்வட்டிலின் வழித்தோன்றலே.

இசைத்தட்டிற் பதிந்த குரல் தானாக வெளிப்படுவதில்லை. அதனை எழுப்புதற்குக் கருவி வேண்டும். அக்கருவியின் பல உறுப்புகளுள் கண்ணுக்கு எளிதிற் புலப்படாததும், மிகச் சிறியதும், ஆயினும் கேட்கப்படும் குரலின் மெய்யையும் பொய்யையும் தீர்மானிப்பதும் முன்விரியலாக்கி என்னும் உறுப்பாகும். மின்னாற்றலைப் பெருக்கி ஒலிபெருக்கியை இயக்குவது விரியலாக்கி. அதற்கும் முன்னே நின்று, ஊசியிலிருந்து வரும் நுண்ணிய மின்சைகையை ஏற்றுத் திருத்திப் பெருக்கி அனுப்புவது முன்விரியலாக்கி. இல்லங்களில் இசைத்தட்டுக் கேட்போர் இவ்வுறுப்பை மேம்படுத்த முயல்வது இன்றும் உள்ள வழக்கம். மேம்படுத்தல் என்னும் சொல்லின் பொருள் யாது என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. அதற்கு விடை காண்பதற்கு, பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் நிலைக்களனாகக் கொள்ளுதல் பொருத்தமுடைத்து. என்னையெனின், ஒலிக்கருவியின் ஒவ்வொரு படியும் அம்மலைநாட்டில் யாருடைய குரல் உரத்துக் கேட்கப்பட்டது, யாருடைய குரல் கேளாது போயிற்று என்பதனோடு பின்னிக் கிடக்கின்றது.

இருப்புப்பாதையும் இசைத்தட்டும்

ஊவா 1886இல் தனி மாகாணமாயிற்று. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இம்மாகாணத்து மடுல்சீமையிலேயே. கோப்பி வீழ்ந்தபின் தேயிலை எழுந்தது. தேயிலையோடு தமிழகத்திலிருந்து தொழிலாளர் மேன்மேலும் வந்தனர். பசறை, லுணுகலை, அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி-எல, நமுனுகுலை என மலைச்சாரல் தோறும் லயங்கள் நிரையாயின. புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அதன்பின் நெடுங்காலம் பாதை அங்கேயே நின்றது. எல்லயைக் கடந்து, ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலேறி, தெமோதரையிலே தன்னைத் தானே சுற்றிக் கீழிறங்கி, 1924ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அது பதுளையை வந்தடைந்தது.

இந்த 1924 ஒலி வரலாற்றிலும் நினைவுகொள்ளத்தக்க ஆண்டு. கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியது அக்காலத்திலேயே. அவர் ஒலிபரப்பியவை இசைத்தட்டுகளே. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கிற்று. அதே 1925ஆம் ஆண்டில், மேல்நாட்டில், ஒலிவாங்கியையும் வால்வு விரியலாக்கியையும் கொண்டு மின்முறையிற் பதிந்த இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. ஆகவே பதுளைக்குப் புகையிரதம் வந்ததும், இலங்கையின் வானில் இசைத்தட்டு ஒலித்ததும், ஒலிப்பதிவு மின்மயமானதும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிய நிகழ்ச்சிகள் எனலாம்.

இதற்கு முன்னரே இந்திய இசை தட்டிலே ஏறியிருந்தது. இலண்டன் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் 1902ஆம் ஆண்டு நவம்பரிற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். தொடக்கத்தில் இந்தியத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சிடப்பெற்றன. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை எழுந்தது. தட்டின் மூலப்பொருளாகிய அரக்கோ இந்தியக் காட்டிலே விளைவது. தமிழ் நாட்டில் நாடகமேடைப் பாடகர்கள் தட்டுகளின் வழியே வீடுதோறும் புகுந்தனர். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் அவருள் தலையாயினர். ஏ. வி. மெய்யப்பன் 1932இல் நிறுவிய சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தட்டு வாணிகத்திலிருந்தே எழுந்து பின்னர்ப் படத்துறையிற் புகுந்தன.

மின்சாரம் இல்லாத காலம்

அக்காலக் கிராமபோன் பெட்டி மின்சாரம் வேண்டாதது. கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கினால் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். எஃகு ஊசி தட்டின் வரியில் ஓடும். ஊசியின் அதிர்வு மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டின் அசைவைக் குழல் பெருக்கும். இங்கே விரியலாக்கி யாதும் இல்லை. தட்டின் வரியிலிருந்தே ஒலிக்கான ஆற்றல் முழுவதும் பெறப்படுதலின், ஊசியின் மீதுள்ள பாரம் நூறு கிராமுக்கும் மேற்பட்டதாயிருந்தது. ஒவ்வொரு பக்கம் ஒலித்தபின்னும் ஊசியை மாற்றுதல் வேண்டும். மாற்றாது விட்டால் தட்டே தேயும். குரலைக் கேட்கும் செயலே குரலை அழிக்கும் செயலாகவும் அமைந்தது அக்காலத்து விந்தை.

தோட்டத்தில் மின்சாரம் எங்கெங்கு இருந்தது என்பதும் நோக்கத்தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல தோட்டங்கள் ஓடையை மறித்து நீராற் சுழலும் பொறி வைத்துத் தேயிலை ஆலையை இயக்கின. அவ்வாறு பெற்ற மின்சாரம் துரையின் பங்களாவுக்கும் சென்றது. லயங்களிற் பெரும்பாலானவற்றுக்கோ அது இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்காலம் வரையிற் சென்றதில்லை. லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950இல் இயங்கத் தொடங்கிய பின்னரும் மண்ணெண்ணெய் விளக்கே லயத்தின் ஒளியாயிருந்தது. ஆதலின் மின்முறை ஒலிக்கருவிகள் பெருகப் பெருக, கேட்போரிடையே ஏற்றத்தாழ்வும் பெருகிற்று. பங்களாவின் கூடத்தில் ரேடியோகிராம். லயத்தில் வில் முறுக்கும் பெட்டி கிட்டினாற் கிட்டியது, இன்றேல் அதுவும் இல்லை.

எனினும் லயத்தில் இசை இல்லாதிருந்ததில்லை. தப்பின் முழக்கம் இருந்தது. கொழுந்து கொய்வோர் பாடல், தாலாட்டு, ஒப்பாரி ஆகியன இருந்தன. மாசித் திங்களிற் காமன் கூத்தும், இரவிரவாக ஆடும் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு முதலிய கூத்துகளும் இருந்தன. ஈண்டு ஒரு முரண்பாட்டைக் காணலாம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். விடியும் வரை நிகழும் கூத்து மூன்று நிமிடத்தில் அடங்காது. நாடகமேடைப் பாட்டும் பின்வந்த படப்பாட்டும் தட்டின் அளவுக்குத் தம்மை ஒடுக்கிக் கொண்டன. தட்டை வாங்கும் செல்வமில்லாத மக்களின் நெடும்பாட்டைத் தேடி வாணிக நிறுவனம் மலையேறுதற்குக் காரணமும் இல்லை. எனவே தட்டு மலைநாட்டுக்குக் குரலைக் கொண்டுவந்ததேயன்றி, மலைநாட்டின் குரலைப் பெரிதும் கொண்டுசென்றதில்லை.

அக்குரலைத் தாங்கியவை நாவும் ஏடுமே. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். அவர்தம் பாடல்கள் 1940இற் சிறுநூலாயின. மடகும்புரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சென்று நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். ஏட்டில் ஏறிய பாடலிற் சொல் வாழும். பாடியவளின் மிடற்றொலியோ வாழாது. இவ்விழப்பின் அளவை உணர்ந்தவர்க்கே, எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு நாடாவும் எத்துணை அரியவை என்பது புலனாகும்.

வானொலியும் விழாவும்

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கிற்று. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிற் படப்பாடலுக்கு இடந்தர மறுத்தபோது, உபகண்டத்துச் செவிகள் கொழும்பின் பக்கம் திரும்பின. 1957இல் விவித் பாரதி தோன்றியபின்னரும் கொழும்பின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழகத்திலிருந்த மதிப்புக் குன்றவில்லை. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர் பெயர்கள் கடல்கடந்து விளங்கின. அவ்வொலிபரப்பின் உயிர்நாடி இசைத்தட்டேயாகும். நிலையத்தில் தட்டின் மீது ஊசி இறங்கும். முன்விரியலாக்கி அச்சைகையைத் திருத்தும். பின்னர் அது வானில் ஏறும். பதுளை மலையில் பற்றரியால் இயங்கும் பெட்டிக்கருகிற் குழுமியிருந்தோர் கேட்டது, கொழும்பிலுள்ள ஒரு முன்விரியலாக்கியின் வழி வந்த குரலையே.

தோட்டக் கோயிலின் திருவிழாவும் மற்றொரு வாயில். வாடகைக்கு வந்த ஒலிபெருக்கிக் குழாய் மரக்கிளையில் ஏறும். தட்டுச் சுழற்றியும் விரியலாக்கியும் பற்றரியும் பந்தலின் மூலையில் இருக்கும். விநாயகர் துதியில் தொடங்கும் தட்டு பள்ளத்தாக்கைக் கடந்து அடுத்த தோட்டத்தையும் எட்டும். அக்குழாயின் ஒலி கரகரப்பானது. தாழ்ந்த சுரங்கள் அதில் இல்லை. ஆயினும் நாள் முழுதும் பிறர் ஆணையையே உரத்த குரலாகக் கேட்டு வந்த மக்கள், தமது விழாவின் ஒலி மலையை நிறைத்தலை முதன்முறை உணர்ந்தது அக்குழாயினாலேயே.

வரியும் அதன் நியதியும்

இனி, முன்விரியலாக்கி செய்யும் தொழிலைச் சிறிது விரிவாக ஆராய்தல் வேண்டும். தட்டின் வரியிலே தாழ்ந்த சுரம் அகன்ற அசைவையும், உயர்ந்த சுரம் மிகக் குறுகிய அசைவையும் உண்டாக்கும். தாழ்ந்த சுரத்தை உள்ளவாறே பதிந்தால் ஒரு வரி அடுத்த வரியை உடைத்துச் செல்லும். உயர்ந்த சுரத்தை உள்ளவாறே பதிந்தால் தட்டின் மேற்பரப்பிலெழும் இரைச்சலில் அது அமிழ்ந்துவிடும். எனவே பதிவாளர் தாழ்ந்த சுரத்தைக் குறைத்தும் உயர்ந்த சுரத்தைக் கூட்டியும் பதிவர். கேட்கும் வேளையில் அதற்கு நேரெதிராகத் தாழ்ந்ததைக் கூட்டி உயர்ந்ததைக் குறைத்தல் வேண்டும். குறைத்த அளவே கூட்டுதலும், கூட்டிய அளவே குறைத்தலும் முன்விரியலாக்கியின் அறம்.

1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதி வரையில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி அளவை வைத்திருந்தது. கொலம்பியா நிறுவனம் 1948இல் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் என்பதனினும் சற்றுக் கூடுதலாகச் சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 1949இல் 45 முறை சுழலும் சிறுதட்டை வெளியிட்டது. அளவுகள் பல்கிப் பெருகிய அந்நிலையில் அமெரிக்க ஒலிப்பதிவுக் கைத்தொழிற் சங்கம் 1954இல் ஒரு பொது அளவை வகுத்தது. அதன் பெயர்ச் சுருக்கத்தால் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு என வழங்கும் அவ்வளவே பின்னர் உலகப் பொதுவாயிற்று.

எண்ணிக்கையால் இதனைத் தெளியலாம். காந்த ஊசித்தலை தரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோற்று. செக்கனுக்கு 1000 அதிர்வுள்ள சுரத்தை முன்விரியலாக்கி நூறு மடங்கு பெருக்குவதாகக் கொண்டால், பொது அளவின்படி 20 அதிர்வுள்ள சுரத்தை அது தொள்ளாயிரம் மடங்குக்கு மேலும், 20,000 அதிர்வுள்ளதை ஏறத்தாழப் பத்து மடங்கும் பெருக்கும். வீட்டு மின்சாரத்தின் மீடிறன் செக்கனுக்கு 50. அதன் சாயல் ஊசிக்கம்பியிற் சிறிது படிந்தாலும் அது எழுநூறு மடங்கு பெருகி ஓயாத முழக்கமாய்க் கேட்கும். நிலத்தொடுப்புக் கம்பியைச் செவ்வனே இணைத்தலும், மின்மாற்றியை ஊசிக்குத் தொலைவில் வைத்தலும் ஏன் முதற்கடமை என்பது இதனால் விளங்கும்.

ரேடியோகிராம்களிலும் சிறு தட்டுச் சுழற்றிகளிலும் பளிங்கு ஊசித்தலையே பெரிதும் பயின்றது. அது நூற்றுக்கணக்கான மில்லிவோற்றைத் தரும். ஊசியின் அசைவின் அகலத்துக்கு ஏற்பவே மின்னழுத்தத்தைத் தருவதால், வளைகோட்டைத் தானே ஒருவாறு நிகர் செய்யும். ஆகவே அதற்குத் தனி முன்விரியலாக்கி வேண்டியதில்லை. ஒலி நயம் வேண்டிப் பளிங்குத் தலையை நீக்கிக் காந்தத் தலையைப் பொருத்துவோர் முதலிற் கேட்பது மெலிந்து நலிந்த ஒலியையே. கருவி பழுதென அவர் எண்ணுவர். பழுது யாதுமில்லை, இடையில் இருக்கவேண்டிய உறுப்பு இல்லை என்பதே உண்மை.

கருவி வளர்ந்த வகை

இவ்வுறுப்பின் வளர்ச்சியில் ஆங்கில நாட்டுப் பொறியியலாளர் பங்கு பெரிது. டி. டி. என். வில்லியம்சன் 1947இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியிட்ட விரியலாக்கி வரைபடமும், பீட்டர் பாக்ஸண்டால் 1952இல் அவ்விதழிலேயே வெளியிட்ட சுரத்திருத்தச் சுற்றும், வீட்டிலிருந்தபடியே கருவி அமைப்போர் பலர்க்கு வழிகாட்டின. பீட்டர் வாக்கர் நிறுவிய குவாட் நிறுவனம் 1953ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முன்விரியலாக்கியில், வெவ்வேறு தட்டுக்குரிய வெவ்வேறு வளைகோட்டைத் தெரிந்துகொள்ளும் பொத்தான்கள் அமைந்திருந்தன. ஈசீசீ 83 முதலிய வால்வுகள் அக்காலக் கருவிகளின் உயிராயின. பின்னர்த் திரான்சிஸ்டர் வந்தது. வெப்பம் குறைந்தது, பருமன் குறைந்தது, பற்றரியிலும் இயங்கலாயிற்று. அதன்பின் வந்த 5532 போன்ற தொகுப்புச்சுற்றுகள் நகத்தளவு இடத்தில் இரைச்சல் மிகக் குறைந்த பெருக்கத்தைத் தந்தன.

இலங்கையிலே இவ்வளர்ச்சி இடையீடின்றி நிகழவில்லை. 1960ஆம் ஆண்டுகளிலும், மேலும் கடுமையாக 1970 முதல் 1977 வரையும், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதிய ஊசி கிட்டுதலே அரிதாயிற்று. பழுதுபார்ப்போர் பழைய கருவிகளிலிருந்து உறுப்புகளைக் கழற்றிப் பிறவற்றுக்குப் பொருத்தினர். 1977இற் பொருளாதாரம் திறக்கப்பட்டபோது ஜப்பானியக் கசெற்றுக் கருவிகள் வெள்ளம்போல வந்தன. இசைத்தட்டு பரணேறிற்று.

இங்கே கருதவேண்டிய உண்மை ஒன்றுண்டு. பொது அளவு நிலைபெற்றபின் செய்யப்பட்ட முன்விரியலாக்கிகளிற் பெரும்பாலானவை ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு ஒன்றையே அறியும். 1953இன் கருவி பல அளவுகளை அறிந்திருந்தது. பின்வந்த கருவி, இரைச்சல் குறைந்ததாயினும், ஓரளவையே அறிந்தது. அரக்குத் தட்டுகளோ அப்பொது அளவுக்கு முற்பட்டவை. கிராமபோன் கம்பெனியின் மின்முறைத் தட்டுகள் பெரும்பாலும் செக்கனுக்கு 250 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட சுரங்களைக் குறைத்துப் பதிந்தனவேயன்றி, உயர்ந்த சுரங்களைப் பொது அளவின்படி கூட்டிப் பதிந்தனவல்ல. அத்தகைய தட்டைப் பொது அளவுக் கருவியில் வைத்தால், கூட்டப்படாத உயர் சுரங்களைக் கருவி குறைத்துவிடும். 5000 அதிர்வுள்ள சுரம் ஐந்திற் இரண்டு பங்களவே எஞ்சும். தாழ்ந்த சுரமோ வேண்டியதற்கு மேல் வீங்கும். சுந்தராம்பாளின் கணீரென்ற குரல் போர்வைக்குள் இருந்து பாடியது போலாகும். கேட்போர், பழைய தட்டு அவ்வாறுதான் ஒலிக்கும் என எண்ணி அமைவர். பிழை தட்டினுடையதன்று, அதனை அறியாத புதுக்கருவியினுடையது.

எனவே மேம்படுத்தல் என்பதற்கு விலையுயர்ந்ததை வாங்குதல் எனப் பொருள் கொள்ளுதல் பொருந்தாது. முதலில் ஊசியை நோக்குதல் வேண்டும். அரக்குத் தட்டின் வரி அகன்றது. அதற்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு முனையுள்ள ஊசி வேண்டும். நெடுந்தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைந்ததோ போதும். நெடுந்தட்டின் ஊசியை அரக்குத் தட்டில் வைத்தால் அது வரியின் அடியிற் கிடந்து புழுதியையே வாசிக்கும். அடுத்து, ஊசித்தலைக்கு ஏற்ற சுமையாகிய 47,000 ஓம் தடையையும் உரிய கொள்ளளவத்தையும் ஒத்துநோக்குதல் வேண்டும். அதன்பின் நிலத்தொடுப்பு. அரக்குத் தட்டு ஒருவழி ஒலியுடையது. ஆதலின் இருவழி ஊசித்தலையின் இரு பக்கங்களையும் இணைத்தால் இரைச்சலின் ஒரு பகுதி தானே அற்றுப்போகும். இவையெல்லாம் அமைந்தபின், வளைகோட்டைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புள்ள முன்விரியலாக்கியைத் தேடுதல் அறிவுடைமை. மிகை ஒலிக்காகவன்றித் தட்டிற்குரிய நீதிக்காகச் செய்யப்படுவதே மேம்பாடு.

சிதறிய குரல்கள்

இந்நீதி மலைநாட்டுக்கு ஏன் குறிப்பாக வேண்டப்படுகின்றது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிலெடுத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சியோரைப் பற்றிய முடிவு 1974இல் எய்தப்பட்டது. மக்களை எண்ணாற் பங்கிட்ட அக்காலத்திற் குடும்பங்கள் பிரிந்தன. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதம் ஏறினோர், தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். பெட்டியிற் கொண்டுசெல்லத்தக்கது சிறிது. எளிதில் உடையும் அரக்குத் தட்டு அதில் இடம்பெறுதல் அரிது.

எஞ்சியவற்றுக்கு மலையின் பருவமே பகை. ஊவாவில் வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரம் தட்டின் மீது பூஞ்சணத்தைப் படர்த்தும். அட்டை உறையை உளுக்கச் செய்யும். இதனைத் துடைக்கப் புகுவோர் அறியவேண்டியது ஒன்று. நெடுந்தட்டுக்குச் சிலர் பயன்படுத்தும் மதுசாரம் கலந்த நீர்மம் அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான துணியுமே அரக்குத் தட்டுக்கு உகந்தவை. தட்டைப் படுக்கவைத்து அடுக்காது நிமிர்த்தி வைத்தலும், வெயிலிலும் அடுப்பருகிலும் வையாமையும் எவர்க்கும் இயல்வன.

பழைய தட்டிலுள்ள ஒலியைக் கணினியில் மாற்றிக் காக்கும் பணியும் இன்று எளிதாகியுள்ளது. செக்கனுக்கு 96,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிட் என்பது ஆவணக் காப்பாளர் விரும்பும் அளவு. அவருட் சிலர் வளைகோட்டைப் பொருத்தாத மூலச்சைகையையே முதலிற் பதிந்து வைப்பர். வளைகோட்டைப் பின்னர் வேண்டியவாறு பொருத்தலாம். பிழையாகப் பொருத்திப் பதிந்துவிட்டதை முற்றத் திருத்துதல் அரிது. மூலத்தைக் காத்தபின் உரை எழுதுதல் என்னும் பதிப்பாசிரியர் நெறி ஒலிக்கும் பொருந்துவதே. ஓலைச்சுவடியைப் பதிப்பித்த பெரியோர், ஏட்டில் இல்லாததைத் தம் விருப்பத்தாற் சேர்த்திலர். உள்ளதைத் தம் வசதிக்காக விடுத்திலர். முன்விரியலாக்கி ஒலிச்சுவடியின் பதிப்பாசிரியன் எனலாம்.

இந்நெறி தமிழர்க்குப் புதிதன்று. ஈழத்திற் பிறந்து விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு கற்ற விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் சுரங்களைப் பழைய நூற்குறிப்பிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுத்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். ஒலித்த கருவி இல்லாதபோதும், எண்ணாலும் பொறுமையாலும் ஒலியை அணுகலாம் என்பதற்கு அது சான்று. யாழின் ஒலியைப் பதிந்துவைத்தார் அன்று எவரும் இலர். இருபதாம் நூற்றாண்டின் குரல்களுக்கு அக்குறை இல்லை. பதிந்தவை உள, அவற்றைப் பிழையறக் கேட்டலே எஞ்சிய கடமை.

முடிவுரை

மலைநாட்டின் ஒலி வரலாறு இரு பகுதியாகக் கிடக்கின்றது. வெளியிலிருந்து தட்டில் வந்து மலையில் ஒலித்த குரல் ஒரு பகுதி. மலையிலேயே பிறந்து, தட்டில் ஏறாது, நாவிலும் ஏட்டிலும் ஒதுங்கிய குரல் மற்றொரு பகுதி. முன்னதைக் காத்தற்கு நல்ல ஊசியும் நேர்மையான முன்விரியலாக்கியும் வேண்டும். பின்னதைக் காத்தற்குக் கேட்கும் விருப்பமும் பதியும் முயற்சியும் வேண்டும். காமன் கூத்தின் பாடலை முழுதும் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மூன்று நிமிடத் தட்டுக்கு அடங்காத அவர்தம் இரவுநெடும் பாடலை முழுமையாகப் பதியவல்ல கருவி, இன்று மாணவர் பலரின் சட்டைப்பையிலேயே இருக்கின்றது.

ஐந்து மில்லிவோற்று அளவினதாகிய சைகை தானாக எவர் செவிக்கும் எட்டாது. அதனைத் திரிக்காமலும், அதனோடு தன் முழக்கத்தைச் சேர்க்காமலும், அதன் தாழ்ந்த சுரத்தை உரிய அளவு உயர்த்தியும் தருவதே நல்ல கருவியின் இலக்கணம். வரலாறு எழுதுவோர்க்கும் இலக்கணம் அதுவே. பதுளையின் பரணிலும் பசறையின் லயத்திலும் அத்தகைய சிறுசைகைகள் இன்னும் உள. அவற்றை நாடிச் செல்லும் மாணவர், முதலில் முதியவர் ஒருவரின் அருகமர்ந்து அவர் பாடி முடிக்கும் வரையிற் குறுக்கிடாது கேட்பாராக.